சந்தைக்கு முந்தின நாள் ஒரு சித்திரப் படம்

என்னோடு எழுத ஆரம்பித்தவர்கள் எல்லாரும் கப்பல் ஏறிவிட்டார்கள். ஒருவர் லண்டன் மூடுபனியைப் பற்றி எழுதுகிறார். இன்னொருவர் பாரிஸில் ரசம் கிடைக்காத துயரத்தைத் தொடராக எழுதிப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். "நீங்கள் எப்போது பயணக் கட்டுரை தரப் போகிறீர்கள்?" என்று பத்திரிகாசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பயணம் போய் வந்ததும் என்பேன். இப்போது போய் வந்துவிட்டேன். குந்தாரப்பள்ளிக்கு.

சிரிக்க வேண்டாம். அங்கேயும் மூடுபனி இருந்தது. புரியாத பாஷை ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ரசம் கிடைக்கவில்லை. வெளிநாடு என்பதற்கு இதற்கு மேல் என்ன லட்சணம் வேண்டும்?

இந்தப் பயணத்துக்குக் காரணம் நான் எழுதிய கட்டுரை ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எடுத்த சித்திரப் படத்தைச் சென்னையில் பார்த்தேன். மனிதர் யாரும் நடிக்காமல், மூட்டை மூட்டையாகப் படம் வரைந்து, அவற்றையே ஓடவும் ஆடவும் பாடவும் வைத்திருந்தார்கள். தாயில்லாத ஒரு சிறுமி, கொடுமைக்காரச் சிற்றன்னை, சிறுமிக்கு ஒரே துணையாக ஒரு புள்ளிப் பசு. சிற்றன்னை அந்தப் பசுவைக் கொன்றுவிடுகிறாள். சிறுமி அதன் கழுத்து மணியை மரத்தடியில் புதைத்து வைக்கிறாள். மரமே மணியாக ஒலிக்கிறது. இந்தக் கதையைச் சிறுவயதில் புத்தகத்தில் படித்திருக்கிறேன். புத்தகத்தில் அந்தச் சிறுமி மணியை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக மலையைத் தாண்டிப் போய்விடுவாள். அவ்வளவுதான் கதை. படத்தில் மணியோசை கேட்டு ஒரு ராஜகுமாரன் வந்து சேர்ந்தான். போதாததற்கு ஓடையில் வாத்துகள் வரிசையாக நின்று நடனம் ஆடின.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகளின் கதையில் கை வைக்க எவருக்கும் உரிமை கிடையாது, அதன் சோகத்தைத் துடைத்துவிட்டுச் சர்க்கரை தடவுகிறவன் பிள்ளைகளை ஏமாற்றுகிறவன் என்று எழுதினேன். ராஜகுமாரனுக்கு ஒரு பாரா. வாத்துகளுக்கு இரண்டு.

கட்டுரையைப் படித்ததாக இரண்டு பேர் தெரிவித்தார்கள். ஒருவர் அச்சுப் பிழைகளைச் சுட்டிக்காட்டினார். மற்றவர் காதர் பாய்.

காதர் பாய் குந்தாரப்பள்ளியில் டூரிங் டாக்கீஸ் வைத்திருப்பவர். கீற்றுக் கூரை, மணல் தரை, எண்ணெய் இன்ஜின், பழைய புரொஜெக்டர் ஒன்று. இவை அடங்கியதுதான் டாக்கீஸ். ஊரில் அதைக் கொட்டாய் என்பார்கள். அந்தச் சித்திரப் படத்தைப் பெங்களூரிலிருந்து வரவழைக்கிறாராம். படம் பேசுவதோ இங்கிலீஷ். பக்கத்தில் நின்று மைக்கில் தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டும். 'தாங்கள் அந்தப் படத்தை மிகவும் ரசித்து எழுதியிருப்பதால் தாங்களே வர வேண்டும்' என்று எழுதியிருந்தார். நான் எழுதியதைப் படித்து இப்படி ஒரு முடிவுக்கு வந்த மனிதரை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. என் மனைவி கம்பளி மப்ளர் ஒன்றையும் காப்பிப் பொடி டப்பா ஒன்றையும் பெட்டியில் வைத்து, "ஊரில் சாமர்த்தியமாகப் பேசாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினாள்.

முதல் நாள் கிருஷ்ணகிரியில் இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் என்னை எதிர்கொண்டவர் நீளமான, ஒல்லியான மனிதர். தலையில் குல்லா, தோளில் துண்டு, கையில் என் கட்டுரை வந்த பத்திரிகை. அதை விசிறியாக உபயோகித்துக்கொண்டிருந்தார்.

"எழுதறவங்கன்னா இன்னும் கொஞ்சம் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்," என்றார் காதர் பாய். "பரவால்ல. மைக்கை எறக்கிக்கலாம்."

அங்கிருந்து குந்தாரப்பள்ளியில் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். இலையில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு. நான் நாகரிகமாக ஒரு துண்டு பிய்த்து, வாயில் போட்டு, மென்றேன். அது மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் ஒட்டிவைத்துவிட்டது. காதர் பாய் அந்த நேரம் பார்த்துப் பட்டணத்து அரசியலைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டார். நான் கண்ணாலேயே பதில் சொன்னேன்.

"மெல்லக் கூடாதுங்க," என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "குழம்புல பெரட்டி அப்பிடியே முழுங்கணும். மாத்திரை மாதிரி."

என் வாய் திறக்கும் வரை பாயே பேசினார். அப்போதுதான் விஷயம் என்னவென்று தெரிந்தது. கொட்டாய் நிற்கிற நிலம் திம்மே கவுடருடையது. போன மாதம் ஓடிய படத்தில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டே ஆடினாளாம். கவுடர் தம் குடும்பத்தோடு வந்திருந்தார். பாதியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் ஆளனுப்பிக் கொட்டாயைப் பிரிக்கச் சொன்னார். பாய் நடையாய் நடந்ததில் ஒரு தவணை கொடுத்திருக்கிறார்: 'என் வூட்டுப் பொம்பளைங்க, பிள்ளைங்க உக்காந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் போடு. நான் வரேன். புடிச்சா மழைக்காலம் வரைக்கும் இருந்துக்க. இல்லன்னா சந்தை முடிஞ்ச மறுநாளே பிரிச்சுடு.'

"அதுக்குத்தான் சார் இந்தப் படம். ஆடறதுக்குப் பொம்பளையே இல்ல. எல்லாம் வாத்து," என்றார் பாய்.

மறுநாள் படப் பெட்டி வாங்க ஓசூர் போனோம். பெங்களூர் ஏஜெண்டின் ஆள் மைசூர் எல்லையைத் தாண்டி ஓசூர் வரைக்கும்தான் வருவானாம். அதற்கு மேல் வந்தால் அவனுக்கு ஊர் திரும்பப் பஸ் கிடையாது. காலைப் பனியில் ஓசூர் டீக்கடையில் பற்கள் தந்தியடிக்க நின்றேன். மப்ளரை எடுக்க மறந்துவிட்டேன். காப்பி கேட்டேன். வெல்லம் போட்டு, கருப்பாக, காப்பியின் தூரத்து உறவு போல ஒன்று வந்தது. டப்பாவும் பாய் வீட்டில்தான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இடமில்லை. தகரப் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் என்னை உட்கார வைத்தார்கள். முன் சீட்டில் இரண்டு பேர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். பாய் எனக்கு மொழிபெயர்த்தார்.

"பெட்டியில என்னான்னு கேக்கறான் ஒருத்தன். அம்மை குத்தற மருந்துன்னு சொல்றான் இன்னொருத்தன்."

"நான் டாக்டர் மாதிரி இருக்கிறேனா?" என்றேன், கொஞ்சம் மகிழ்ந்துபோய்.

"இல்லீங்க. டாக்டருக்குப் பொட்டி தூக்கறவரு மாதிரி."

செய்தி பின்சீட்டு வரை பரவியது. ஊசிக்குப் பயந்து ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்ததில் எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. சானமாவுக் காட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். யானை தாண்டுகிறது என்றார்கள். எங்கே, எத்தனை, எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பஸ்ஸில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த மௌனத்தில், ஓசூர்ப் பனியின் பலனாக, நான் தும்மினேன். ஒரு தும்மலில்லை, மூன்று. பஸ்ஸிலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை யானை பார்த்திருந்தால் வெட்கப்பட்டு ஓடியிருக்கும். என்னவோ, அது வரவில்லை. குந்தாரப்பள்ளி வரை யாரும் என்னோடு பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் சந்தைக்கு முந்தின நாள். அன்றுதான் படம். சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள் முதல் நாளே வந்து ரோட்டோரம் இறங்கிவிடுவார்கள். மாட்டைக் கட்டிவிட்டு முதல் ஆட்டம் பார்ப்பார்கள். பாய்க்கு வாரத்தில் பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். மத்தியானமே கொட்டாயைச் சுற்றிக் கொம்புகளாகத் தெரிந்தது. ஒரு கொம்பு வளைந்த செவலைப் பசு ஒன்றைக் கொட்டாய்க் கயிற்று முளையிலேயே கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கல்லாவி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள் புல்லைக் கையில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்லாவிம்மா, முளையப் புடுங்கிட்டா என் கொட்டாய் உம் மாட்டோடயே கல்லாவி வந்துடும். வேற எடத்துல கட்டும்மா," என்றார் பாய்.

"வர்றதுன்னா வரட்டும் பாய். எங்கூர்ல சினிமா இல்ல," என்றாள் அவள். மாட்டை அவிழ்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாய் வீட்டில் மறுபடி களி. நான் இப்போது தேர்ந்தவன். குழம்பில் புரட்டி, விழுங்கி, வித்தையைக் காட்டிக்கொண்டே கதையையும் சொன்னேன். சிறுமி, சிற்றன்னை, புள்ளிப் பசு. "அப்புறம் சிற்றன்னை ஆளை வைத்துப் பசுவை வெட்டிவிடுகிறாள்," என்றேன். "படத்திலேயே உருக்கமான கட்டம் அதுதான்."

பாயின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர் மாணிக்கமும் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் உருண்டையைத் திரும்ப இலையில் வைத்துவிட்டார்.

"கட்டுரையில நீங்க அத எழுதலையே சார்," என்றார் பாய்.

எழுதவில்லைதான். வாத்துகளைத் திட்டியே இடம் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த ஊர் வழக்கம் தெரிந்தது. சந்தைக்கு முந்தின நாள் மாட்டுக்காரர்கள் மாடு செத்த பேச்சையே எடுக்க மாட்டார்கள். யாராவது வாய் தவறிச் சொன்னால் அவன் பக்கத்திலிருந்து மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவார்கள். ஒரு தடவை பாய் ஏதோ புராணப் படம் போட்டு, அதில் ஒரு காளை அடிபட்டு விழ, பாதிச் சந்தை அன்றிரவே மாட்டை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டதாம்.

"அது அடிபட்டதுக்கே," என்றார் பாய். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சார், எம்பேரு காதர். எங் கொட்டாயில பசுவ வெட்டுனாங்கன்னு நாளைக்கு சந்தையில பேச்சு கெளம்புச்சுன்னு வச்சுக்கங்க. சினிமாவுலதான்னு சேர்த்துச் சொல்ல ஒருத்தனும் இருக்க மாட்டான். கவுடரு நெலத்த உடுங்க, நான் இந்த ரோட்டுலயே நடக்க முடியாது."

அதில் தமாஷ் எதுவும் இல்லை.

மாணிக்கம்தான் வழி சொன்னார். அந்தக் கட்டத்தில் வெட்டுவது நேராகத் தெரியாது; சுவரில் கோடாலி நிழல்தான் விழும். நேற்றே படத்தைக் கையில் ஓட்டிப் பார்த்துவிட்டிருக்கிறார். முத்தம் வருகிற இடங்களில் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்துப் பழகியவர். இந்தக் கோடாலியையும் மறைத்துவிடுவார். "பசு எங்க போச்சுன்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க சார்."

"எங்கே போனதாகச் சொல்வது?"

"வித்துட்டாங்கன்னு சொல்லுங்களேன். இங்க எல்லாரும் அதுக்குத்தான வந்திருக்காங்க."

பிள்ளைகளின் கதையில் கை வைக்கிறவனைப் பற்றி பத்தி பத்தியாக முழக்கம் செய்திருந்தேன் அல்லவா? பாயின் விசிறி எதிரே தரையில் கிடந்தது. நல்லவேளை, என் கட்டுரை இருந்த பக்கம் கீழே கவிழ்ந்திருந்தது. "சொல்லிவிடலாம்," என்றேன்.

பொழுது சாய்ந்ததும் இன்ஜின் இரைய ஆரம்பித்தது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு முடிந்து, திரைக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். நடுவில் குவித்திருந்த மணல் திட்டுக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். முன்னால் இரும்பு நாற்காலியில் திம்மே கவுடர் வந்து உட்கார்ந்தார். கட்டையான மனிதர், வெள்ளைத் தலைப்பாகை. மீசை எதற்கும் இணங்காத மீசை. அவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பெஞ்சை நிரப்பினார்கள். கல்லாவி அம்மாள் தரையில், மறைப்புத் தட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தட்டி இடுக்கு வழியாகத் தன் பசுவின் கொம்பு தெரிகிற இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள்.

"எந்தப் பாஷையில் சொல்வது? பாதிப் பேருக்குத் தமிழ் வருமா?" என்று பாயிடம் கேட்டேன்.

"நீங்க சொல்றது எல்லாருக்கும் புரியும் சார். அவங்க பதில் சொல்றதுதான் உங்களுக்குப் புரியாது."

சினிமாவில் யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். அது பட்டணத்து நினைப்பு.

முதல் ரீலில் மலைச் சரிவில் அந்தி நேரம். புள்ளிப் பசு மணியாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறது. சிறுமி ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். நான் மைக்கைப் பிடித்து, "அதோ, அந்திச் செவ்வானின் அழகிலே, ஆவினம் இல்லம் ஏகுகின்றது," என்று ஆரம்பித்தேன்.

"யாருய்யா அது, மந்திரம் சொல்றது?" என்றது தரை டிக்கெட்.

"மாடு வீட்டுக்கு வருகிறது," என்றேன்.

"அது தெரியுதே. எத்தினி லிட்டர் கறக்கும்?"

அதற்குள் அடுத்தவர் பதில் சொல்லிவிட்டார். மடியைப் பார்த்தால் தெரியவில்லையா, சீமை மாடு, ரெண்டு வேளையும் குடம் நிறையும் என்றார். வரைந்த பசுவின் சுழியைப் பற்றி ஆண்கள் பக்கம் ஒரு சர்ச்சை எழுந்தது. நல்ல சுழிதான் என்று கவுடர் நாற்காலியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். ஒற்றைப் புரொஜெக்டர் ஆனதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்குப் போட்டு மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் முறுக்கும் சோடாவும் போயின. பசுவின் குணநலன்கள் தொடர்ந்து அலசப்பட்டன. சிறுமியைப் பற்றியோ, சிற்றன்னையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசுவாரில்லை. நான் படித்த புத்தகம், படம் எடுத்த கம்பெனி, என் கட்டுரை, மூன்றுமே இது ஒரு பெண்ணின் கதை என்று நினைத்திருந்தன.

அந்தக் கட்டம் வந்தது. சிற்றன்னை பசுவைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போகிறாள். திரையில் ஒரு பெரிய கறுப்பு வந்து நின்றது. ஓரத்தில் மாணிக்கத்தின் சுண்டுவிரல் தெரிந்தது. "சிற்றன்னை பசுவைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டாள்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கறுப்பு விலகியது. சிறுமி மணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கொட்டாய் அப்படியே அடங்கிப்போனது. சென்னையில் இதே கட்டத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டதுண்டு. இது வேறு. இவர்களில் பாதிப் பேர் பொழுது விடிந்தால் விற்கப் போகிறவர்கள். வெளியே ஏதோ ஒரு மாடு குரல் கொடுத்தது. பெண்கள் பக்கம் நாலைந்து தலை திரும்பியது.

"யாருக்கு வித்தா?" என்று தட்டி ஓரத்திலிருந்து ஒரு குரல். கல்லாவி அம்மாள்.

"ஒரு வியாபாரிக்கு."

"தண்ணி இருக்கிற ஊரா?"

"நிறைய இருக்கிறது. ஆறே ஓடுகிறது," என்றேன். இதற்குள் எனக்குப் பொய் சரளமாக வந்தது.

"மணிய ஏன் குடுக்கலையாம்?" என்று ஒரு பையனின் குரல். நான் வாயைத் திறக்குமுன் தரையிலிருந்தே பதில் போயிற்று: "விக்கிறப்ப மணியும் கயிறும் குடுப்பாங்களாடா? அது வூட்டோடது."

மணியை மரத்தடியில் புதைத்தாள். சித்தி கண்ணில் படக் கூடாதல்லவா என்று அதையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆபத்து தாண்டிவிட்டது. மரம் மணியாக ஒலித்தது. வாத்துகள் ஆடின. கவுடர் வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூடவே ஆடினார்கள். ராஜகுமாரன் வந்தான், கல்யாணம் நடந்தது, மேளத்துக்குப் பதில் எக்காளம் ஊதினார்கள், முடிவு என்று இங்கிலீஷில் எழுத்து விழுந்தது. மாணிக்கம் விளக்கைப் போட்டார். நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். திம்மே கவுடர் நாற்காலியில் திரும்பி என்னை நேராகப் பார்த்தார்.

"பசு எங்க?"

"விற்றுவிட்டார்களே," என்றேன்.

"அது அப்ப. பொண்ணு இப்ப ராணியாயிட்டா. அரமனையில எடம் இருக்கு. திருப்பி வாங்கலியா?"

"அது படத்தில் இல்லை."

"கட்டிக்கிட்டவன் ராஜாதான? பொண்டாட்டிக்கு ஒரு மாட்ட மீட்டுக் குடுக்க முடியல. என்னா ராஜா அவன்?"

ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. அந்த ராஜகுமாரனைப் பற்றி என் கட்டுரையில் இதைவிட மோசமாக நானே எழுதியிருந்தேன். ஆனால் கருத்து ஒற்றுமையைக் கொண்டாட அது நேரமில்லை. கவுடர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். போன மாதம் அப்படி உதறிய பிறகுதான் எழுந்து போனார் என்று பாய் சொல்லியிருந்தார். பாயின் முகத்தில் கொட்டாய் ஒவ்வொரு கீற்றாகப் பிரிந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூலக் கதைக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று எழுதியவன் அதைத்தான் செய்திருப்பான். நான் மைக்கைப் பிடித்து, "இன்னும் ஒரு ரீல் இருக்கிறது," என்றேன். பிறகு, இந்த வயதில் மணலில் ஓடக் கூடாது என்று தெரிந்தும் ஓடி, முறுக்குத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, புரொஜெக்டர் கூண்டுக்குள் தலையை நீட்டினேன்.

"மாணிக்கம், முதல் ரீலைப் போடுங்கள்."

"மொதலா? பார்த்ததுதான சார்?"

"பசு வீட்டுக்கு வருகிறதே, அது. வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்."

மாணிக்கம் பெட்டியைத் திறந்தார்.

நான் மூச்சிரைக்க மைக்குக்குத் திரும்பினேன். விளக்கு அணைந்தது. மலைச் சரிவு, அந்தி நேரம். தூரத்தில் மணிச் சத்தம். சரிவின் மேல் ஒரு புள்ளி தெரிந்தது, பசுவாயிற்று. இந்தத் தடவை நான் செவ்வானத்தைத் தொடவில்லை. "வாங்கினவன் புது மணியே கட்டிப் பார்த்தும் அவன் வீட்டில் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை," என்றேன். "கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது."

"அப்பிடிப்போடு," என்றது தரை டிக்கெட். "எங்க சித்தப்பன் மாடு ராயக்கோட்டையிலிருந்து வந்துச்சு," என்றார் ஒருவர். "தானா வழி தெரிஞ்சு வரும்யா," என்றார் இன்னொருவர்.

சிறுமி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். அப்போதுதான் நான் செய்த தவறு தெரிந்தது. முதல் ரீல் அல்லவா? அவள் மேலே ஒட்டுப் போட்ட கிழிசல் பாவாடை. கழுத்தில் ஒரு நகை கிடையாது.

கவுடர் விடுவாரா? "ராணிக்கு ஏன் கிழிசல் பாவாடை?" என்றார்.

படித்த புத்தகம் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"மாட்டுக் கொட்டாய்க்குப் போறவ பட்டுச்சேலையா கட்டிக்கினு போவா?" என்றாள் கல்லாவி அம்மாள்.

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. கவுடர் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். கவுடர் அது சரி என்பது போல் முன்னால் திரும்பிக்கொண்டார். திரையில் சிறுமி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த இடத்தில் மாணிக்கம் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். கூட்டம் எழுந்தது, வேட்டியில் மணலைத் தட்டிக்கொண்டு.

கவுடர் பாயின் பக்கத்தில் வந்து நின்றார். "மழ வர்ற வரைக்கும் இருக்கட்டும்," என்றார். இரண்டடி நடந்து, திரும்பி என்னிடம் வந்தார். "அந்த வாத்துங்க," என்றார். "அதுங்க ரொம்ப நல்லா இருந்துச்சு."

பாய் அன்றிரவு என் இலையில் மூன்று களி உருண்டை வைக்கச் சொன்னார். நன்றியை இவ்வளவு கனமாக நான் எங்கும் பெற்றதில்லை.

மறுநாள் ஊர் திரும்பப் பஸ்ஸுக்கு நிற்கையில் சந்தை களை கட்டியிருந்தது. மாடுகளுக்கு நடுவே புழுதியில் கல்லாவி அம்மாள் வந்தாள். பசு இல்லை. பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தாள்.

"கத சொன்ன சாமிதான?" என்றாள்.

"ஆமாம். விற்றாயிற்றா?"

"சித்தூருக்காரன் புடிச்சுட்டான்." கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "என்னுது வராதுங்க. அது ரொம்பத் தொலவு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், நான் சங்கடப்படக் கூடாதே என்று சிரித்த மாதிரி இருந்தது. "ஆனா நீங்க நல்லாத்தான் சொன்னீங்க."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

சென்னைக்கு வந்தபோது அந்தப் படத்தை ஒரு தியேட்டரில் மறுபடி போட்டிருந்தார்கள். என் மனைவி பார்த்ததில்லை என்றாள். போனோம். யாரும் கையை வைத்து எதையும் மறைக்கவில்லை. கோடாலி நிழல் சுவரில் விழுந்தது; நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாத்துகள் ஆடின; நன்றாகவே ஆடின. கல்யாணம் முடிந்து எழுத்து விழுந்து விளக்கெல்லாம் எரிந்தது. கனவான்கள் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். கூட்டுகிறவன் துடைப்பத்தோடு வந்துவிட்டான்.

"என்ன, எழுந்திருக்கவில்லையா?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் இரு," என்றேன். "பசு வரட்டும்."